'ஒண்ணுமில்ல' என்று சொல்வதற்கு முன்

நிலக்கோட்டைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து மல்லிகைப் பையைக் கேரியரில் கட்டிக்கொண்டு ஒருவர் காலையில் சைக்கிளில் சந்தைக்குப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். பின்னால் வந்த கார் ஹேண்டில்பாரை உரசுகிறது. விழுகிறார். கார் நிற்கிறது. டீக்கடையிலிருந்து நாலு பேர் ஓடி வருகிறார்கள். விழுந்தவர் எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டு, முதலில் சிதறிய பூவைத்தான் பார்க்கிறார். "ஏண்ணே, அடி கிடி பட்டுச்சா?" என்று கேட்கிறார்கள். "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல" என்கிறார். கார்க்காரர் நாலு ஐந்நூறு ரூபாய்த் தாளை நீட்டுகிறார். "வாங்கிக்கங்கண்ணே, கேஸு கீஸுன்னு போனா நீங்கதான் அலையணும்" என்று கூட்டத்திலிருந்து ஒரு குரல் வருகிறது. பத்து நிமிடத்தில் சாலை பழையபடி ஆகிவிடுகிறது.

காட்சி கற்பனை. ஆனால் திண்டுக்கல் சமவெளியில் இப்படியொன்றைப் பார்க்காதவர்கள் குறைவு. அந்த ஒற்றைச் சொல்லில் இரண்டு தவறுகள் இருக்கின்றன. உடம்பில் ஒன்றுமில்லை என்பதை விழுந்தவரால் அந்த நேரத்தில் அறிய முடியாது. கையில் ஒன்றுமில்லை, சைக்கிளுக்கு ஏது பேப்பர், நமக்கு ஏது உரிமை என்று அவர் நினைத்துக்கொள்வதும் சரியல்ல. முதலாவதை மருத்துவம் மறுக்கிறது, இரண்டாவதைச் சட்டம் மறுக்கிறது.

பேப்பர் இல்லாத வண்டி

ஒரு காலத்தில் உள்ளாட்சி அமைப்புகள் சைக்கிளுக்கு வரி வாங்கிக்கொண்டு தகட்டு வில்லை கொடுத்தன. அது வழக்கொழிந்த பிறகு, நம் சாலைகளில் ஓடும் வண்டிகளில் பதிவெண்ணோ ஆர்.சி. புத்தகமோ லைசென்சோ இன்சூரன்சோ இல்லாமல் ஓடுவது பெரும்பாலும் சைக்கிள்தான். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின்படி அது மோட்டார் வாகனமே அல்ல.

இதைக் குறையாக எண்ணுவதுதான் பிழை. மோட்டார் வண்டி வைத்திருப்பவர் 'தேர்டு பார்ட்டி' இன்சூரன்ஸ் எடுத்தே தீர வேண்டும் என்பது இந்தியாவில் 1946 முதல் இருக்கும் கட்டாயம். முதல் தரப்பு வண்டிக்காரர், இரண்டாம் தரப்பு இன்சூரன்ஸ் கம்பெனி. மூன்றாம் தரப்பு என்பது சாலையில் நடப்பவரும் சைக்கிள் மிதிப்பவரும்தான். கார்க்காரர் ஆண்டுதோறும் கட்டும் பிரீமியத்தில் ஒரு பங்கு முகம் தெரியாத இந்தச் சைக்கிள்காரருக்காகவே கட்டப்படுகிறது. ஆகவே, விபத்துக்கு முன் அவரிடம் எந்தப் பேப்பரும் இருக்கவேண்டியதில்லை. விபத்துக்குப் பின் சில பேப்பர்கள் உருவாகியாக வேண்டும். அவை முதல் சில மணி நேரத்தில்தான் உருவாகும். நாள் கடந்தால் உருவாகா.

சமவெளியின் சாலைகள்

2022இல் நாட்டிலேயே அதிக சாலை விபத்துகள் பதிவான மாநிலம் தமிழ்நாடு: 64,105 விபத்துகள். 17,884 பேர் இறந்தார்கள். உயிரிழப்பில் உத்தரப் பிரதேசத்துக்கு அடுத்த இடம். அதே ஆண்டில் நாடு முழுவதும் இறந்த சைக்கிள்காரர்கள் ஐயாயிரத்துக்குச் சற்றுக் குறைவு. எழுந்து தட்டிக்கொண்டு போனவர்கள் எந்தக் கணக்கிலும் இல்லை.

திண்டுக்கல்லின் அமைப்பு இதில் தனிக் கவனம் பெற வேண்டியது. கரூரிலிருந்து வேடசந்தூர் வழியாக வந்து கொடைரோடு வழியாக மதுரைக்குப் போகிறது 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை. பழனி, ஒட்டன்சத்திரம் பக்கமிருந்து வந்து திருச்சிக்குப் போகிறது 83ஆம் எண் சாலை. வத்தலக்குண்டு வழியாகத் தேனிக்கும் கொடைக்கானலுக்கும் ஒரு சாலை. இவற்றில் ஓடும் கார்களில் கணிசமானவை வெளியூர்க் கார்கள். பெங்களூரிலிருந்து கொடைக்கானலுக்கும் கேரளத்திலிருந்து பழனிக்கும் போகிறவை. குறுக்கே சைக்கிளில் வருகிறவர்களோ உள்ளூர்க்காரர்கள். ஒட்டன்சத்திரம் காய்கறிச் சந்தைக்குப் போகும் கூலியாட்கள், பால்காரர்கள், நூற்பாலைத் தொழிலாளர்கள், அரசு கொடுத்த சைக்கிளில் பள்ளிக்குப் போகும் பிளஸ் ஒன் பிள்ளைகள். 2001-02இல் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவிகளுக்காகத் தொடங்கிப் பின்னர் விரிவாக்கப்பட்ட விலையில்லா சைக்கிள் திட்டம், கிராமத்துப் பிள்ளைகளை மேல்நிலைப் பள்ளிக்குக் கொண்டுசேர்த்தது. கூடவே நெடுஞ்சாலைக்கும் கொண்டுவந்தது.

நான்கு வழிச்சாலை ஊரையும் காட்டையும் இரண்டாகப் பிளந்த இடங்களில் வீடு ஒரு பக்கம், தோட்டம் மறுபக்கம். சாலைத் தடுப்பில் அடுத்த திறப்பு தொலைவில் இருக்கும். அவ்வளவு தூரம் மிதித்துத் திரும்புவதற்குப் பதிலாக, எதிர்த்திசையில் ஓரமாக வருவதே வழக்கமாகிவிடுகிறது. விபத்து நடந்தால், பின்னாளில் இன்சூரன்ஸ் வக்கீல் முதலில் எடுத்துவைக்கும் வாதம் இதுதான்: தப்பில் சைக்கிள்காரருக்கும் பங்குண்டு. இரவில் விளக்கோ பிரதிபலிப்பானோ இல்லை என்பது அடுத்த வாதம். இந்த வாதங்கள் ஏற்கப்பட்டால் இழப்பீட்டில் ஒரு பகுதி குறையலாம். கோரிக்கையே அடிபட்டுப் போகாது. தைப்பூசக் காலத்தில் பழனிச் சாலையில் பாதயாத்திரை போகிறவர்களின் பைகளில் ஒட்டப்படும் ஒளிரும் பட்டையைச் சைக்கிளின் பின்மட்கார்டில் ஒட்டினால் போதும். உயிருக்கும் காவல், வழக்குக்கும் காவல்.

விழுந்த உடனே

முதல் வேலை, எழாமல் இருப்பது. கழுத்திலோ முதுகிலோ வலி இருந்தாலும், கை கால் மரத்தாற்போல் இருந்தாலும் அப்படியே கிடக்க வேண்டும். தூக்கி நிறுத்துவதும் ஆட்டோவில் மடக்கிப் படுக்க வைப்பதும் நம் ஊர்க் கூட்டத்தின் அன்பு. அந்த அன்பே தண்டுவடக் காயத்தை நிரந்தர முடக்கமாக்கிவிடக்கூடும். தலையைத் தூக்கித் தண்ணீரோ சோடாவோ புகட்டுவதும் அப்படியே. நினைவு மங்கியவருக்கு அது மூச்சுக்குழாயில் இறங்கும்; அறுவைச் சிகிச்சை தேவைப்பட்டால் மயக்க மருந்து கொடுக்கும்போதும் ஆபத்து. ரத்தம் கொட்டும் இடத்தைச் சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்துக்கொண்டு 108ஐ அழைப்பதுதான் உதவி. தேசிய நெடுஞ்சாலையாக இருந்தால் 1033 எண்ணும் உண்டு.

நன்றாகத் தெரிகிறவர் ஏன் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்? தலையில் அடிபட்டு மண்டையோட்டுக்கும் மூளையுறைக்கும் இடையே ரத்தம் கசியும்போது, சிலர் இடையில் சில மணி நேரம் தெளிவாகப் பேசி நடமாடுவார்கள். பிறகு தலைவலி, வாந்தி, தூக்கக் கலக்கம், மயக்கம் என்று வேகமாகச் சரிவார்கள். சைக்கிளுக்கென்றே ஒரு காயமும் உண்டு. ஹேண்டில்பாரின் முனை வயிற்றில் குத்தினால் வெளியே சின்னச் சிராய்ப்புதான் தெரியும். உள்ளே மண்ணீரலோ கல்லீரலோ கணையமோ கிழிந்திருக்கலாம். குழந்தை மருத்துவர்கள் இதை நன்கு அறிவார்கள். குறிப்பாகக் கணையக் காயம் ஓரிரு நாள் கழித்தே வெளித்தெரியும். பள்ளிப் பிள்ளை வீட்டில் திட்டு விழும் என்று பயந்து மறைப்பது இந்தக் காயத்தைத்தான்.

பணத்தை நினைத்துத் தயங்க வேண்டாம். 2021 டிசம்பர் 18 அன்று மேல்மருவத்தூரில் தொடங்கப்பட்ட 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், தமிழ்நாட்டு எல்லைக்குள் விபத்தில் சிக்கிய எவருக்கும் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். திட்டத்தில் சேர்க்கப்பட்ட தனியார் மருத்துவமனைகளிலும் இது செல்லும். காப்பீட்டு அட்டை தேவையில்லை. 2025 மே மாதம் மத்திய அரசு அறிவித்த திட்டத்தில், விபத்து நடந்த நாளிலிருந்து ஏழு நாள்களுக்கு ₹1.5 லட்சம் வரை கட்டணமில்லாச் சிகிச்சை உண்டு. 'இது போலீஸ் கேஸ், பார்க்க மாட்டோம்' என்று எந்த மருத்துவரும் திருப்பி அனுப்ப முடியாது. கார் மோதிய ஸ்கூட்டர்காரர் ஒருவரை ஒரு மருத்துவமனை ஏற்காமல் வேறிடத்துக்கு அனுப்பி, வழியில் அவர் இறந்துபோன செய்தியிலிருந்து பிறந்த பரமானந்த கட்டாரா வழக்கில் 1989இல் உச்ச நீதிமன்றம் இதைத் தீர்த்துவைத்தது. தூக்கிக்கொண்டு போகிறவருக்கும் பயம் வேண்டாம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவு அவரைக் காக்கிறது. பெயர் சொல்லும்படி கூட அவரைக் கட்டாயப்படுத்த முடியாது.

ஏ.ஆர். காப்பி

அவசர சிகிச்சைப் பிரிவில் மருத்துவர் ஒரு பதிவேட்டில் எழுதுவார். ஆக்சிடென்ட் ரிஜிஸ்டர், வக்கீல்களின் பேச்சில் 'ஏ.ஆர். காப்பி'. எத்தனை மணிக்கு, எந்த இடத்தில், எதனால் அடிபட்டது, யார் கூட்டிவந்தார்கள், எங்கெங்கே காயம் என்பவை அதில் இருக்கும். விபத்துக்குப் பின் பிறக்கும் முதல் பேப்பர் இது. போலீஸ், வக்கீல், உறவுக்காரர் யாரும் உள்ளே வருவதற்கு முன் எழுதப்படுவதால், இதற்கு நீதிமன்றத்தில் கனம் அதிகம்.

பலர் கோட்டை விடுவதும் இங்கேதான். வலியில், வெட்கத்தில், கார்க்காரர் பக்கத்திலேயே நிற்கும் தயக்கத்தில் "சைக்கிள்ல இருந்து விழுந்துட்டேன்" என்று சொல்லிவிடுகிறார்கள். மருத்துவர் அப்படியே எழுதுவார். பின்னாளில் குறுக்கு விசாரணையில் அந்த ஒரு வரியைத்தான் இன்சூரன்ஸ் தரப்பு படித்துக் காட்டும்: தானே விழுந்தவர், கார் மோதவே இல்லை. சொல்லவேண்டியது எளிது: கார் மோதியது, இன்ன இடம், இன்ன நேரம், பார்த்திருந்தால் வண்டி எண். வலிக்கும் இடங்களையெல்லாம் சொல்ல வேண்டும். எழுதப்படாத காயம் பிற்பாடு முளைத்த காயமாகிவிடும்.

எக்ஸ்ரே எடுக்கச் சொன்னால் தட்டிக்கழிக்கக் கூடாது. எலும்பு முறிந்தாலோ மூட்டு விலகினாலோ, ஒரே ஒரு பல் உடைந்தாலோ கூட, அது சட்டத்தின் கண்ணில் கொடுங்காயம். சாதாரணக் காயத்துக்கும் கொடுங்காயத்துக்கும் இடையே குற்றப்பிரிவும் மாறுகிறது, இழப்பீடும் மாறுகிறது.

'அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும்'

தமிழ்நாட்டில் எழுதப்படும் விபத்து முதல் தகவல் அறிக்கைகளில் இந்த இரண்டு சொற்களை அடிக்கடி பார்க்கலாம். வெறும் சடங்குச் சொற்கள் அல்ல. இழப்பீட்டு வழக்கு நிற்கும் அஸ்திவாரம் இவை. பாரதிய நியாய சன்ஹிதாவின் 281ஆம் பிரிவு (கண்மூடித்தனமாக வண்டி ஓட்டுதல்), 125ஆம் பிரிவு (அதனால் காயம் உண்டாக்குதல்) ஆகியவற்றில் வழக்குப் பதிவாகும். அடிபட்டவர் ஸ்டேஷனுக்குப் போக முடியாவிட்டால், மருத்துவமனைத் தகவலை வைத்துப் போலீஸ் படுக்கைக்கே வந்து வாக்குமூலம் வாங்கும். எழுதியதைப் படித்துக் காட்டச் சொல்லிவிட்டுத்தான் கையெழுத்துப் போட வேண்டும். மனு ரசீதோடு நின்றுவிட்டால் போதாது, எஃப்.ஐ.ஆர். நகல் கேட்டு வாங்க வேண்டும். அது இலவசம்.

அந்த நாளிலேயே செய்யவேண்டியவை இன்னும் உண்டு. வண்டி எண்ணைப் படமெடுக்க வேண்டும். அந்த எண்ணைக் கொண்டு எம்பரிவாகன் செயலியில் இன்சூரன்ஸ் இருக்கிறதா என்று பார்க்கலாம். பார்த்தவர்கள் இரண்டு பேரின் போன் எண் வேண்டும். எதிரே கடையிலோ பெட்ரோல் பங்க்கிலோ கேமரா இருந்தால் போலீஸிடம் உடனே சொல்ல வேண்டும். பழைய பதிவின்மேல் புதியது ஏறி அழிந்துவிடும். முக்கியமாக, நசுங்கிய சைக்கிளை மறுநாளே கொண்டுபோய் கோட்டம் எடுக்கக் கூடாது. பின்சக்கரம் வளைந்திருக்கிறதா, முன்சக்கரமா, கார்ப் பெயின்ட் எங்கே ஒட்டியிருக்கிறது என்பதெல்லாம், மோதிய திசையைச் சொல்லும். வாய் பேசாத சாட்சி அது.

2022 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள விதிகளின்படி, போலீஸ் 48 மணி நேரத்தில் முதல் விபத்து அறிக்கையும் 90 நாள்களில் விரிவான விபத்து அறிக்கையும் தீர்ப்பாயத்துக்கு அனுப்ப வேண்டும். அடிபட்டவருக்கு அவருடைய உரிமைகளை விளக்கும் படிவம் ஒன்றைப் பத்து நாளுக்குள் கொடுக்கவும் வேண்டும். இது இரண்டாம் எண் படிவம். கேட்டால்தான் கிடைக்கும் என்றால், கேட்க வேண்டும்.

'பேசி முடிச்சுக்கலாம்'

ஊர்ப்பெரியவர்கள் கெட்ட எண்ணத்தில் இதைச் சொல்வதில்லை. கோர்ட்டு வாசலில் கழிந்த நாள்களை அவர்கள் பார்த்திருக்கிறார்கள். ஆனால் எதை விட்டுக்கொடுத்துப் பேசி முடிக்கிறோம் என்று கணக்குப் போட்டவர்கள் குறைவு. போட்டுப் பார்ப்போம்.

முதலில் பார்த்த பூக்காரருக்கு வயது 35, மாத வருமானம் ₹12,000 என்று கொள்வோம். தோள் எலும்பு முறிந்து சரியாகக் கூடாததால் அவருடைய உழைக்கும் திறன் நிரந்தரமாக 30 சதவீதம் குறைந்துவிட்டது. ஆண்டு வருமானம் ₹1,44,000. நாற்பது வயதுக்குட்பட்ட சுயதொழில்காரருக்கு, எதிர்கால உயர்வுக்காக 40 சதவீதம் சேர்க்க வேண்டும் என்பது பிரணய் சேத்தி வழக்கின் (2017) விதி: ₹2,01,600. இதில் 30 சதவீதம் ₹60,480. சரளா வர்மா வழக்கு (2009) வகுத்த அட்டவணையில் 31 முதல் 35 வயதுக்குப் பெருக்கெண் 16. மொத்தம் ₹9,67,680. மருத்துவச் செலவும் வலிக்கும் வேதனைக்குமான தொகையும் இதற்கு மேல். சாலையோரத்தில் நீட்டப்பட்டது ₹2,000.

'சம்பளச் சீட்டு இல்லையே' என்ற கேள்வி வரும். சையத் சாதிக் வழக்கில் (2014), விபத்தில் காலை இழந்த காய்கறி வியாபாரியிடமும் சீட்டு இல்லை. உச்ச நீதிமன்றம் அவருடைய வருமானத்தை மாதம் ₹6,500 என்று தானே நிர்ணயித்து, தொழில்முடக்கத்தை 85 சதவீதம் என்று எடுத்துக்கொண்டது. ஊனத்தின் அளவை உடம்பை வைத்து மட்டுமல்ல, செய்யும் தொழிலை வைத்து அளக்க வேண்டும் என்று ராஜ் குமார் வழக்கு (2011) ஏற்கெனவே சொல்லியிருந்தது. இடக்கை போனாலும் குமாஸ்தாவுக்கு வேலை நிலைக்கும். தச்சருக்கு வேலையே போகும்.

கார் கேரளத்துடையது, பெங்களூருடையது என்று மலைக்க வேண்டாம். விபத்து நடந்த இடத்திலோ தான் குடியிருக்கும் இடத்திலோ வழக்குப் போடலாம் என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 166ஆம் பிரிவு சொல்கிறது. திண்டுக்கல் நீதிமன்றத்திலுள்ள மோட்டார் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் எம்.சி.ஓ.பி. மனு போடலாம், மேல்முறையீடு உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்கு. ஓட்டியவரிடம் லைசென்ஸ் இல்லை என்பதும் பாதிக்கப்பட்டவரின் பிரச்சினை அல்ல. பொதுவாக, கம்பெனி முதலில் இழப்பீட்டைக் கொடுத்துவிட்டு வண்டி உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளும்படி நீதிமன்றங்கள் உத்தரவிடுகின்றன. ஈ.எஸ்.ஐ. உள்ள ஆலைத் தொழிலாளிக்கு, வேலைக்குப் போகும் வழியில் நடந்த விபத்தும் பணிக்கால விபத்தாகக் கணக்கில் வரும்.

எச்சரிக்கை இரண்டு. ஒன்று, காலக்கெடு. அந்தச் சட்டத்தின் 2019 திருத்தம், வழக்குப் போட ஆறு மாதக் கெடுவை விதித்தது. அந்தக் கெடு உச்ச நீதிமன்றத்தில் கேள்விக்குள்ளாகியிருக்கிறது என்றாலும், அதை நம்பிக் காத்திருப்பது புத்திசாலித்தனமல்ல. எலும்பு கூடவே ஆறு மாதம் ஆகலாம். எலும்பு கூடட்டும் என்று இருந்தால் கெடு தீர்ந்துவிடும். இரண்டு, ஆஸ்பத்திரி வார்டிலேயே வக்காலத்தில் கையெழுத்துக் கேட்டு வரும் தரகர். கிடைப்பதில் இத்தனை சதவீதம் என்று வழக்கறிஞர் கூலி பேசுவதை அவர்களின் தொழில்விதிகளே தடுக்கின்றன. பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் குறைந்த வருமானம் உள்ளவர்களுக்கும், மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக வக்கீல் வைத்துத் தரும். தொலைபேசி எண் 15100.

நிற்காமல் போன கார்

அடித்துவிட்டுப் பறந்த கார் எதுவென்றே தெரியாவிட்டாலும் வழி அடைபடுவதில்லை. கொடுங்காயத்துக்கு ₹50,000, உயிரிழப்புக்கு ₹2 லட்சம் என்று 161ஆம் பிரிவின்கீழ் 2022 ஏப்ரல் முதல் ஒரு திட்டம் உண்டு. விண்ணப்பத்தை விசாரிப்பது வருவாய்த் துறை அதிகாரி; ஒப்புதல் கொடுப்பது மாவட்ட ஆட்சியர் நிலையில். தொகை சிறியதுதான். அதைக்கூடக் கேட்டு வருகிறவர்கள் மிகக் குறைவு என்பதைக் கண்ட உச்ச நீதிமன்றம், 2024 ஜனவரியில் ஓர் உத்தரவு போட்டது: ஒரு மாதத்துக்குள் வண்டியைக் கண்டுபிடிக்க முடியாவிட்டால், இந்த உரிமை உண்டு என்பதைப் போலீஸே பாதிக்கப்பட்டவருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். அந்த வழக்கை 2012இல் தொடுத்தவர் கோயம்புத்தூர் எலும்பு மருத்துவர் எஸ். ராஜசேகரன். முறிந்த எலும்பை நாள்தோறும் சேர்த்துவைப்பவர், முறியாமலிருக்க வழி கேட்டு நீதிமன்றம் போனார்.

யார் நிரூபிப்பது?

இத்தனை பேப்பர்களையும் அடிபட்டவர் ஏன் சேர்க்க வேண்டியிருக்கிறது? மோதியவரின் கவனக்குறைவை நிரூபிக்கும் சுமை நம் சட்டத்தில் அவர் தலையில் இருப்பதால். நெதர்லாந்தில் இது தலைகீழ். கார் மோதிய சைக்கிள்காரர் 14 வயதுக்குட்பட்டவரானால், அநேகமாக முழு இழப்பும் கார் தரப்பின் பொறுப்பு. பெரியவரானால் அவர் பக்கம் தப்பிருந்தாலும் பொதுவாகக் குறைந்தது பாதி. பிரான்ஸ் 1985இல் கொண்டுவந்த சட்டம், நடந்துபோகிறவர்களையும் சைக்கிள்காரர்களையும் ஏறக்குறைய அப்படியே காக்கிறது. ஒரு டன் இரும்பை ஓட்டி வருகிறவருக்குப் பொறுப்பு கூடுதல் என்பதே அங்குள்ள நியாயம். நம் சட்டத்திலும் அந்த நியாயத்தின் சிறு கீற்று உண்டு: 164ஆம் பிரிவில் யார் தப்பு என்று நிரூபிக்காமலே கொடுங்காயத்துக்கு ₹2.5 லட்சம், உயிரிழப்புக்கு ₹5 லட்சம். பெரிய முடக்கத்துக்கு அது போதாது. அப்போது 166ஆம் பிரிவின் நிரூபண வழிதான்.

அந்தச் சுமை இடம் மாறும்வரை ஏ.ஆர். காப்பியும் எஃப்.ஐ.ஆரும் எக்ஸ்ரேயும் டிஸ்சார்ஜ் சீட்டும்தான் சைக்கிள்காரரின் ஆர்.சி. புத்தகம். ஆண்டுதோறும் பள்ளி மைதானத்தில் வரிசையாக நிறுத்திப் பிள்ளைகளுக்குச் சைக்கிள் கொடுக்கும் நாளில், ஒரு பக்கத் துண்டறிக்கையில் இதைச் சொல்லிக்கொடுக்க முடியும். பூக்காரர் கோர்ட்டுக்குப் போகாமலே இருக்கலாம், பேசியும் முடித்துக்கொள்ளலாம். அது அவர் விருப்பம். ஆனால் எக்ஸ்ரே வந்த பிறகு, கணக்குப் போட்ட பிறகு முடிக்கட்டும். அதுவரை, "அடி கிடி பட்டுச்சா?" என்று கேட்டால், அவர் சொல்லவேண்டிய உண்மையான பதில் ஒன்றுதான்: "தெரியலண்ணே, ஆஸ்பத்திரிக்குப் போய்த்தான் பாக்கணும்."